மெழுகுக் கட்டியும் உப்புப் பாட்டிலும்

பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர், நானும் அம்மாவும். என் மடியில் இருந்த தெர்மோகோல் பெட்டியையும் சேர்த்தால் மூன்று. அப்பா வரவில்லை. "போறவங்க போயிட்டு வாங்க. ஆட்டுக்கு யாரு தழை ஒடிக்கிறது?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தழை ஒடிக்கப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் குமார் மச்சானும் ஊரில் இல்லை, விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். யாரைப் பார்க்கப் போகிறோமோ அந்த அக்காவுக்கு நாங்கள் வருவதே தெரியாது.

எங்கள் இலுப்பூருக்கும் அக்கா வாழ்க்கைப்பட்ட ஜெகதாப்பட்டினத்துக்கும் ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர். ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கடற்கரையைப் பார்த்ததில்லை. துபாய் போய் வந்த சித்தப்பா இருக்கிறார். ஜெகதாப்பட்டினம் போய் வந்தவர் ஒருவரும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இது வெளிநாட்டுப் பயணம்தான். பாஸ்போர்ட் மட்டும் கேட்கவில்லை.

அக்கா தேன்மொழி புதுக்கோட்டை ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது பழகிய குமாரை மூன்று வருடத்துக்கு முன் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் "அந்தப் பய". பெயர் சொல்லமாட்டார். அக்காவின் பெயரும் எங்கள் வீட்டில் அப்பா இல்லாத நேரத்தில்தான் வெளியே வரும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கும் மேலே படித்து, திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளில் வெட்டியெடுத்த சதையை பார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் அழுகாது. அதை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, மெழுகைக் கரைத்து, உள்ளே எந்தக் கிருமியின் மரபணு இருக்கிறது, அந்தக் கிருமியிலும் எந்த வகை என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

பக்கத்து சீட்டு அம்மாள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "தம்பி என்ன வேலை பாக்குது?" என்றார்.

"மெழுகுக் கம்பெனி" என்றாள் அம்மா.

"மெழுகுவத்தியா?"

"அப்படித்தான். சம்பளம் பரவால்ல."

நான் திருத்தவில்லை. அம்மாவின் முகத்தில் வேறு கவலை இருந்தது.

கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளில் அக்காவின் வலது கை நடுவிரலில் ஒரு கட்டி வந்தது. பிறகு புறங்கையில் ஒன்று. பிறகு முழங்கை வரைக்கும் வரிசையாக, பாசிமணி கோத்த மாதிரி. குழந்தை பிறந்த பிறகு அறந்தாங்கியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டியை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். தோலில் வந்த காசநோய் என்று பதில் வந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். கொஞ்சம் அமுங்கும், மறுபடி கிளம்பும். ஒரு வருடம் இப்படியே போனபின், மாத்திரைக்கு அடங்காத காசநோயோ என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்படியென்றால் மருந்து வேறு, காலம் நீளும், காது மந்தமாகலாம் என்றாராம். மச்சான் எனக்கு முதன்முதலாகப் போன் செய்தது அப்போதுதான். வைத்தியத்துக்காகப் படகில் இருந்த தன் பங்கை விற்றுவிட்டு, இப்போது அதே படகில் கூலிக்குப் போகிறார் என்பதும் அந்தப் போனில்தான் தெரிந்தது.

அக்காவின் மெழுகுக் கட்டியை வரவழைத்து நானே சோதித்தேன். காசநோய்க் கிருமி கிடைக்கவில்லை. வேறு எதுவும் கிடைக்கவில்லை. எங்கேயோ பார்மலினில் அதிக நாள் கிடந்திருக்க வேண்டும். பார்மலின் சதையைக் காப்பாற்றும், மரபணுவை நறுக்கிய நூல் மாதிரி ஆக்கிவிடும். "இல்லைன்னு எழுதாத சரவணா, கெடைக்கலன்னு எழுது" என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் மேடம். "ரெண்டும் வேற. புதுசா ஒரு துண்டு கெடைக்குமான்னு பாரு."

அந்தத் துண்டுக்காகத்தான் இந்தப் பயணம். அக்காவைச் சம்மதிக்கவைத்து, அறந்தாங்கி டாக்டரிடம் இன்னொரு கட்டியை வெட்டியெடுக்கச் சொல்லி, ஐஸில் வைத்துத் திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டி அதற்கு.

அறந்தாங்கி தாண்டியதும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயர். டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். காலி மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லோடு வண்டி எங்களுக்காக நின்றது. அம்மா பின்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நாத்தமா இருக்கா ஆத்தா?" என்றார் வண்டி ஓட்டியவர்.

"இல்லப்பா, காத்து அடிக்குது."

"காத்துல இருந்துதான் ஆத்தா அது வருது."

ஜெகதாப்பட்டினத்தில் இறங்கியதும் அம்மா கடலைப் பார்த்தாள். டிவியில் பார்த்த கடலில் அலை ஆளுயரத்துக்கு எழும்பும். இங்கே தண்ணீர் தட்டையாக, சத்தமில்லாமல், வானம் வரைக்கும் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நம்ம கம்மா மாதிரிதானே இருக்கு" என்றாள். பிறகு, "இதுக்கு மறுகால் எங்கிட்டு இருக்கு?"

நிறைந்தால் உபரித் தண்ணீர் வெளியேற ஒரு வழி இருந்தாக வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கேள்வி எனக்கும் ஒரு நொடி தோன்றியது.

அக்காவின் வீடு ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருந்தது. வாசலில் மாமியார் காளியம்மாள் நின்றுகொண்டிருந்தார். கருவாட்டு வியாபாரம் செய்கிறவர், கனத்த குரல். இடுப்பில் என் அக்கா மகள் யாழினி. அதுவரை நான் போட்டோவில் மட்டும் பார்த்த குழந்தை.

"இலுப்பூருங்களா?" என்றார். நாங்கள் சொல்வதற்கு முன்பே. "மூக்கப் பொத்துறத வச்சே தெரியுது. உள்ள வாங்க மதினி. தேனு, யாரு வந்திருக்கான்னு பாரு."

அக்கா கொல்லைப்புறத்திலிருந்து வந்து, எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பாதி ஆளாகியிருந்தாள். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். அம்மா கட்டிப்பிடிக்க ஓடினாள். அக்கா இரண்டடி பின்னால் போய், "தொடாதம்மா" என்றாள்.

மூன்று வருடம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. அம்மாவின் கைகள் நீட்டியபடியே நின்றன. யாழினி பாட்டியின் இடுப்பிலிருந்தே அக்காவை நோக்கிக் கையை நீட்டினாள், பிறகு தானாகவே மடக்கிக்கொண்டாள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது பழகியிருந்தது. அதைப் பார்த்த அதிர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

மத்தியானச் சாப்பாடு சூடைமீன் குழம்பும் இறால் வறுவலும். எங்கள் ஊரில் மீன் என்றால் கண்மாய் வற்றி ஊரே கச்சா வலையோடு இறங்கும் நாளில் கிடைக்கும் கெண்டையும் விராலும்தான்; அதில் சேற்று மணம் இருக்கும். இது வேறு ருசி, புளி குறைவு, காரம் கூட. குடிதண்ணீர் மட்டும் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. இவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எங்களைப் போலவே குடத்தை எண்ணுகிறார்கள்.

அக்கா தள்ளியே உட்கார்ந்து இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். அவள் தட்டின் விளிம்பில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு இருந்தது. டம்ளரிலும் இருந்தது, எங்கள் தட்டுகளில் இல்லை. அம்மா அதைப் பார்த்தாள். எழுந்து போய் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள்.

"மதினி, வேணாம்" என்றார் காளியம்மாள்.

"எம்மக தட்டுதானே."

"நான் கொடுமைக்காரி இல்ல மதினி. எங்க வீட்டுக்காரரு இருமி இருமித்தான் போய்ச் சேந்தாரு. அந்த வியாதி என்ன பண்ணும்னு இந்த வீடு பாத்திருக்கு. பச்சப்புள்ள இருக்குற எடம்."

தோலில் வருவது அப்படி ஒட்டாது, அதுவும் மாத்திரை சாப்பிடுகிறவரிடமிருந்து ஒட்டாது என்று நான் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "நீங்க படிச்சவுக, சொல்றீங்க தம்பி. சரிதான். ஆனா பேரு காசநோய்தானே?" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவிடம் வந்த காரியத்தைச் சொன்னேன். தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினாள். நடுவிரல் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய இடம் கருத்துச் சுருங்கியிருந்தது.

"மறுபடி கத்தி வேணாம் தம்பி. இது ஆறவே அம்புட்டு நாளாச்சு. வெரலு மடங்க மாட்டேங்குது. இன்னொன்ன வெட்டி அதுலயும் ஒண்ணும் இல்லேன்னு வந்தா?"

"கிருமி எதுன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்க்கா."

"போன தடவையும் இதத்தான் சொன்னாங்க. எனக்கு யாழினியத் தூக்கணும். அதுக்கு மருந்து இருந்தாச் சொல்லு, கையையே தாரேன்."

அன்று மாலை மகள் தடுக்கத் தடுக்க அம்மா எண்ணெய் தேய்த்து அவள் தலையை வாரிவிட்டாள்.

மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போனேன். படகுகள் வர வேண்டிய நேரம். எல்லைப் பக்கம் இலங்கைக் கடற்படை ஏதோ படகைப் பிடித்துவிட்டது என்று பேச்சு அடிபட்டது. பெண்கள் யாரும் அழவில்லை, கடலைப் பார்த்தபடியே மற்ற வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் மழை வராத ஐப்பசியில் அப்பா இப்படித்தான் வானத்தைப் பார்த்தபடி ஆட்டு விலை பேசுவார். ஐஸ் லாரிக்குப் பக்கத்தில் இரண்டு மலையாள வியாபாரிகள் நின்றிருந்தார்கள். எனக்குப் புரிந்த அளவில் ஒருவர், "நேரம் ஆகுது, ஐஸ் உருகுது" என்றார். மற்றவர், "உருகட்டும். ஆளுங்க முதல்ல வரட்டும்" என்றார். அவர் யாரென்று தெரியாது. அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

குமார் மச்சானின் படகு அன்று வரவில்லை. ஆனால் பிடிபட்டது அது இல்லை என்று மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது.

திரும்பி வரும்போது காளியம்மாள் மணலில் வலை விரித்துக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். அம்மா நிழலில் உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். ஒரே நாளில் அவளுக்கு அந்த வாடை பழகிவிட்டது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்" என்றார் காளியம்மாள். "அந்த ரெண்டாவது குப்பியக் கேட்டு யாரும் வரவே இல்லையே. அது வேணாமா ஒங்களுக்கு?"

"எந்தக் குப்பி?"

"அறந்தாங்கில அன்னைக்கு ரெண்டு குப்பி குடுத்தாங்க. மருந்துத் தண்ணி ஊத்துன குப்பி ஒண்ணு, அத அங்கேயே வாங்கிக்கிட்டாங்க. இன்னொண்ணு வெறுந்தண்ணி மாதிரி. சின்னத் துண்டு. இத இன்னைக்கே புதுக்கோட்டைல கொண்டுபோய்க் குடுத்துருங்க, கெட்டுறக் கூடாதுன்னாரு டாக்டரு."

அது உப்பு நீர் பாட்டில். கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்காகப் பார்மலின் படாமல் கொடுத்த துண்டு. நோயாளி வீட்டாரிடமே கொடுத்தனுப்புவது வழக்கம்தான்.

"கொண்டுபோனீங்களா?"

"எங்க கொண்டுபோக? குமாரு கடல்ல. தேனையும் புள்ளையையும் வீட்டுல விட்டுட்டுப் போகலாம்னு வந்தா, அன்னைக்குப் படகுகளைப் பிடிச்சுட்டாங்கன்னு இங்க மறியல், ஒரு பஸ் ஓடல. வெயில்னா வெயில். கெட்டுறக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நான் என்ன செய்ய?"

எழுந்து உள்ளே போனார். பரணில் கைவிட்டு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பாட்டில் நிறையக் கல்லுப்பு. நடுவில், கண்ணாடியோரமாக, காய்ந்த கறுப்புத் துண்டு ஒன்று தெரிந்தது. சுண்டு விரல் நகம் அளவு இருக்கும்.

அதை அசைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"என்ன மதினி இது?" என்றாள். "எம்மக சதையக் கருவாடு போட்டா வச்சிருக்கீங்க?"

"கெடாம வைக்க எனக்குத் தெரிஞ்சது இதான் மதினி."

"தூக்கிப் போட வேண்டியதுதானே? ஒரு வருசமா பரண்ல வச்சுக்கிட்டு, கீழ உக்காந்து சாப்புட்டிருக்கீங்க."

"எப்புடிப் போடுவேன்? நாயி தூக்கும், காக்கா தூக்கும். அது ஒங்க வீட்டுப் புள்ளையோட சதை. கேட்டு வருவாங்க, குடுக்கணும்னு வச்சிருந்தேன். ஒருத்தரும் வரல."

அம்மா பாட்டிலையும் காளியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டில் பொட்டு வைத்த அதே கைதான் இதையும் பத்திரமாக வைத்திருக்கிறது. எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

மேடத்துக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "உப்புலயா?" என்றார். "எடுத்துட்டு வா. உப்பையும் சேத்து எடுத்துட்டு வா, ஒரு கல்லைக்கூடத் தட்டாதே."

அடுத்த நாள் விடிந்ததும் மச்சான் வந்து சேர்ந்தார். கறுத்து மெலிந்த மனிதர், கண்ணெல்லாம் சிவப்பு. அம்மாவைப் பார்த்ததும் ஈரக்கையோடு கும்பிட்டார். "சாப்ட்டீங்களா அத்தை?" என்றார். நாங்கள் கிளம்பும்போது ஒரு பொட்டலம் கருவாட்டை அம்மாவின் பையில் திணித்தார். "மாமாவுக்கு" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

அந்தக் கருவாடுதான் வினையானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டையைக் கடத்துகிறார்கள் என்று அடிக்கடி சோதனை உண்டாம். வாடை பிடித்து எங்களிடம் வந்த போலீஸ்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு தெர்மோகோல் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே உப்புப் பாட்டில்.

தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கறுப்புத் துண்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"சாம்பிளா? மிச்சம் எங்க இருக்கு தம்பி?"

"சார், அது எங்க அக்கா கையில இருந்து எடுத்தது."

"அக்காதான் யாவாரமா?"

"இல்ல சார். கையில இருந்து வெட்டி எடுத்தது. கட்டி."

அவர் நம்பவில்லை. மூடியைத் திருகப் போனார். திறந்தால் போச்சு. எதிலிருந்து எது ஒட்டியது என்று பிறகு சொல்லவே முடியாது.

அம்மா எழுந்து அவர் கைமேல் கையை வைத்தாள். "தொறக்காதீங்கய்யா. அது எம்மக சதை. என்ன வியாதின்னு பாக்கத் திருச்சிக்குக் கொண்டு போறோம். நம்பலன்னா எங்களோட வாங்க, நானே டிக்கெட் எடுக்கிறேன்."

போலீஸ்காரர் பாட்டிலை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்தார், இரண்டு தடவை. அறந்தாங்கி வரைக்கும் எங்கள் சீட்டில் மூன்றாவது ஆள் உட்காரவில்லை.

திருச்சியில் மேடம் பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு அவரே உட்கார்ந்தார். துண்டை எடுத்து, உப்பைக் கழுவி, உள்ளிருந்து கொஞ்சம் நறுக்கி மரபணுவைப் பிரித்தோம். காசநோய்க் கிருமிக்கான சோதனையில் எதுவும் வரவில்லை. அந்தக் கிருமியின் கூட்டத்துக்கே பொதுவான இன்னொரு சோதனையில், மெழுகுக் கட்டியில் கிடைக்காமல் போன நீளமான மரபணுத் துண்டு, தெளிவான கோடாக வந்து நின்றது.

அதன் எழுத்து வரிசையைப் படித்துப் பெயரைப் பார்த்தபோது உட்கார்ந்துவிட்டேன். மைக்கோபாக்டீரியம் மெரைனம். காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன், ஆனால் வேறு ஆள். தண்ணீரிலும் மீனிலும் இருக்கும். காயத்தின் வழியாகக் கைக்குள் ஏறும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, சதையில் உண்டாக்கும் கட்டியும் ஒரே மாதிரி. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது.

"அக்காவுக்குப் போன் பண்ணட்டுமா மேடம்?"

"பண்ணாதே" என்றார். "இது மீன்ல இருக்கிற கிருமி. துண்டு ஒரு வருஷம் கடல் உப்புல இருந்திருக்கு, கருவாட்டு வீட்டுல. கைக்குள்ள இருந்து வந்ததா, உப்புல இருந்து வந்ததா? நீ எப்படிச் சொல்லுவ?"

அந்தக் கேள்வியோடு நான் சரியாகத் தூங்காத இரவுகள் பல. அக்கா தினமும் போன் செய்தாள். "பாத்துக்கிட்டிருக்கோம்க்கா" என்பதைத் தவிர எதுவும் சொல்ல முடியவில்லை.

பாட்டிலில் இருந்த உப்பைத் தனியாகச் சோதித்தோம். சுத்தமாக இருந்தது. அது போதாது என்றார் மேடம். பதில் மெழுகுக் கட்டியில்தான் இருந்தது. அதில் இருந்தது அக்காவின் அதே கை, அதே நாள். ஆனால் அது ஜெகதாப்பட்டினம் போகவில்லை, உப்பைத் தொடவில்லை. முன்பு நான் நீளமான துண்டைத் தேடியதால் கிடைக்கவில்லை. இப்போது எதைத் தேட வேண்டும் என்று தெரியும். நறுக்கிய நூலிலும் ஓர் அங்குலத் துண்டுகள் மிஞ்சியிருக்கும் அல்லவா, அந்த மாதிரி மிகச் சின்னத் துண்டுகளை, இந்தக் கிருமிக்கு மட்டுமே உரியவற்றைத் தேடினேன். முதல் முறை வரவில்லை. கட்டியில் சீவுவதற்கு மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. இரண்டாவது முறை மங்கலாக ஒரு கோடு வந்தது. பிறகு இன்னொன்று. உப்பில் கிடந்த கிருமியில் எந்தெந்த இடத்தில் மரபணு எழுத்து வழக்கத்திலிருந்து மாறியிருந்ததோ, மெழுகில் கிடந்ததிலும் அதே இடங்களில் அதே எழுத்து. இரண்டும் ஒரே வகை.

மேடம் கணினித் திரையைப் பார்த்தபடியே, "இப்பப் போன் பண்ணு" என்றார்.

அக்கா எடுத்தாள். "அக்கா, மீன் முள்ளு ஏதாச்சும் குத்துச்சா ஒனக்கு? அந்த நடுவெரல்ல?"

மெதுவாக, "வந்த புதுசுல" என்றாள்.

ஓரா மீன். அதன் முதுகு முள்ளில் விஷம் இருக்கும். கடற்கரையில் சின்னப் பிள்ளைக்குக்கூட முதலில் கத்தரிக்கோலால் முள்ளை நறுக்கிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று தெரியும். எங்கள் ஊர்க் கெண்டையைப் பிடிப்பது போல அக்கா அதை அழுத்திப் பிடித்துவிட்டாள். முள் விரலில் ஏறி உள்ளேயே ஒடிந்தது.

"யார்ட்டயும் சொல்லலயா?"

"காய் நறுக்குறப்ப வெட்டிக்கிட்டேன்னு சொல்லிட்டேன். மீனு கழுவத் தெரியாதவளக் கட்டிக்கிட்டு வந்துட்டான்னு பேசுவாங்கள்ல."

"டாக்டர்ட்ட?"

"மாமியாவும் கூடத்தான் வந்தாங்க."

அப்போதுதான் போன் ஸ்பீக்கரில் இருக்கிறது என்று தெரிந்தது. பின்னாலிருந்து காளியம்மாளின் குரல். "அடிப்பாவி மகளே. ஓரா குத்துனதுக்காடி ஒன்னைய ஒரு வருசம் ஒதுக்கி வச்சேன். ஒரு வார்த்த சொன்னா நான் என்ன கொன்னாபோட்டுருப்பேன்?" திட்டுகிறாரா அழுகிறாரா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு என்னிடம், "தம்பி, அப்ப இது காசநோய் இல்லீங்களா? பேரே வேறயா?"

"பேரே வேற அத்தை. ஒட்டாது."

போனில் ஏதோ இழுபடும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம், அக்கா "அத்தை, மெதுவா" என்றது. அதற்குப் பிறகு மிகப் பக்கத்தில், போனை நக்குவது போல, யாழினியின் மூச்சு கேட்டது.

டாக்டர் பழைய மாத்திரைகளை மாற்றி வேறு எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் பாசிமணிகள் ஒவ்வொன்றாக அமுங்கின. நடுவிரல் மட்டும் இனி மடங்காது. பொட்டு வைத்த தட்டில் இப்போது கருவாடு காயும் இடத்தில் காக்கைக்குத் தண்ணீர் வைக்கிறார்களாம்; தாகம் தீர்ந்த காக்கை கருவாட்டைத் தொடாது என்பது காளியம்மாளின் நம்பிக்கை. தொடத்தான் செய்கிறது என்றாள் அக்கா.

சென்ற வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா முற்றத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். காது இந்தப் பக்கம்தான் இருந்தது. அவர் பக்கத்தில் தட்டில் மச்சான் கொடுத்த கருவாட்டில் கடைசித் துண்டு, சுட்டது. அம்மா பேச்சுவாக்கில், வைத்தியத்துக்காக மச்சான் படகுப் பங்கை விற்றதைச் சொன்னாள். கடலை உடைபடும் சத்தம் நின்றது.

"இங்கிட்டுக் குடு" என்றார் அப்பா. போனை வாங்கி, எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் வாய்க்கு நேரே பிடித்தார்.

"அவரு இருக்காரா பக்கத்துல?"

அங்கே போன் கைமாறியது. "இருக்கேங்க" என்றது மச்சானின் குரல்.

அப்பா தொண்டையைச் செருமினார். "மொத்தம் எவ்வளவு ஆச்சு மாப்ள?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஒரு லட்சத்து நாப்பத்தாறாயிரம், மாமா."